ஒரு ஆளுக்கு இரண்டு பெயர், ஒரு பெயருக்கு இரண்டு இடம்

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களுடைய அடையாள அட்டையை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். சிலருடைய பெயருக்கு நடுவில் '@' என்ற குறி இருக்கும். அது மின்னஞ்சல் முகவரி அல்ல. 'இந்தப் பெயரும் இவருடையதுதான்' என்று தேசியப் பதிவிலாகா ஏற்றுக்கொண்டதற்கான அடையாளம்.

தோட்டத்தில் வளர்ந்த தலைமுறைக்கு அந்தக் குறி ரொம்பவே தேவைப்பட்டது. பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர் இருக்கும். குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டு வைத்த பெயர் வேறு. காலையில் பெரட்டுக் களத்தில் மண்டோர் கூப்பிட்ட பெயர் மூன்றாவது. மூன்றுக்கும் திரும்பிப் பார்த்தவர் ஒரே ஆள். ஊர்க்காரர்களுக்கு அதில் குழப்பமே வந்ததில்லை. காகிதத்துக்குத்தான் குழப்பம் வரும். அதைத் தீர்க்க வந்ததுதான் அந்தச் சின்னக் குறி.

கணினி நிரல்களுக்கும் இதே சிக்கல் உண்டு என்பதைத்தான் இந்த வாரம் பேசப்போகிறோம். கணினி என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இதில் சம்பந்தப்பட்டிருப்பது உங்கள் வீட்டுச் சம்பளம்.

உங்கள் கைப்பேசியில் 'அம்மா' என்று ஓர் எண் பதிவாகியிருக்கும். அம்மா எண்ணை மாற்றினால் நீங்கள் ஓர் இடத்தில் திருத்துவீர்கள், அவ்வளவுதான். மறுநாளும் 'அம்மா' என்று தட்டினால் அம்மாதான் எடுப்பார். இங்கே 'அம்மா' என்பது மாற்றுப்பெயர், கணினிக்காரர்கள் மொழியில் 'அலியாஸ்'. அதற்குப் பின்னால் இருக்கும் எண்தான் உண்மையான முகவரி.

சம்பளக் கணக்கு, வங்கிக் கணக்கு, மருந்தக இருப்பு என எந்த மென்பொருளாக இருந்தாலும், தகவல்கள் ஒரு தரவுத்தளத்தில் இருக்கும். மென்பொருள் அந்தத் தரவுத்தளத்தை ஒரு செல்லப்பெயரால் கூப்பிடும். அந்தப் பெயர் எந்தக் கணினியில், எந்தக் கோப்பைக் குறிக்கிறது என்பதை எப்போது முடிவு செய்வது? நிரலை எழுதி அச்சுக்கு அனுப்பும்போதா, அல்லது ஒவ்வொரு முறையும் அதை ஓட்டும்போதா?

'அச்சு' என்ற சொல்லைக் காரணத்தோடுதான் போடுகிறேன். கல்யாணப் பத்திரிகையை நினைத்துக்கொள்ளுங்கள். மண்டபத்தின் முகவரியைப் பத்திரிகையிலேயே அச்சடித்து 500 பேருக்குக் கொடுத்துவிட்டீர்கள். பிறகு மண்டபம் மாறிவிட்டது. இனி 500 பத்திரிகைகளையும் மாற்றி அடிக்க வேண்டும். அதற்குப் பதில், 'மண்டபம் எங்கே என்று குழுவில் இடக்குறி அனுப்புகிறோம்' என்று சொல்லியிருந்தால் ஒரே ஒரு செய்தியை மாற்றினால் போதும். முதல் வழி, கம்பைல் செய்யும்போதே முடிவு செய்வது. இரண்டாவது வழி, ஓடும்போது முடிவு செய்வது. கம்பைலர் என்பது மனிதர் எழுதிய நிரலைக் கணினி நேரடியாக ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றித் தரும் மென்பொருள், நம் கதையில் அச்சகம்.

இனி கொஞ்சம் வரலாறு. 1970-இல் ஐபிஎம் நிறுவனத்தின் எட்கர் காட், தகவல்களை அட்டவணைகளாக அடுக்கும் முறையை முன்வைத்தார். 1974-இல் அதே நிறுவனத்தின் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் அந்த அட்டவணைகளைக் கேள்வி கேட்க ஒரு மொழியை உருவாக்கினார்கள். அதுதான் பின்னாளில் எஸ்கியூஎல் ஆனது. 'இந்த மாதம் 26 நாளுக்கு மேல் வேலை செய்தவர்கள் யார்?' என்று கேட்பதற்கு அது பொருத்தமான மொழி. ஆனால் முழு மென்பொருளையும் அதில் எழுத முடியாது. சம்பளச் சீட்டு அடிப்பது, திரையில் பெட்டி போடுவது போன்ற வேலைகளுக்கு சி, கோபால் போன்ற மொழிகள் வேண்டும்.

அதனால் என்ன செய்தார்கள் தெரியுமா? நாம் பேசுவதுபோல் செய்தார்கள். 'அண்ணே, ரெண்டு ரொட்டி சானாய், ஒரு தே தாரிக், எல்லாம் புங்குஸ்' என்று தமிழுக்குள் மலாயைச் செருகுகிறோம் இல்லையா? அதேபோல் சி மொழிக்குள் எஸ்கியூஎல் வரிகளைச் செருகினார்கள். ஒவ்வொரு செருகலுக்கு முன்னாலும் 'எக்ஸெக் எஸ்கியூஎல்' என்று ஓர் அறிவிப்பு. இதற்குப் பெயர் உட்பொதிந்த எஸ்கியூஎல். சி கம்பைலருக்கு இந்தச் செருகல் புரியாது. ஆகவே அதற்கு முன்னால் ஒரு மொழிபெயர்ப்பாளர் உட்கார்ந்து, எஸ்கியூஎல் வரிகளையெல்லாம் சி மொழியாக மாற்றிக் கொடுப்பார். அவர்தான் முன்-கம்பைலர்.

எனக்குத் தெரிந்து மாற்றுப்பெயர் விஷயத்தைத் தெளிவாகக் கையாண்டது இன்டர்பேஸ் என்ற தரவுத்தளம். அமெரிக்காவில் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் வேலை செய்த ஜிம் ஸ்டார்க்கி, 1980-களின் நடுவில் வெளியே வந்து க்ரோட்டன் டேட்டாபேஸ் சிஸ்டம்ஸ் என்ற சிறு நிறுவனத்தின் பெயரில் அதை உருவாக்கினார். பிறகு அது ஆஷ்டன்-டேட் கைக்குப் போனது. 1991-இல் ஆஷ்டன்-டேட்டையே போர்லண்ட் வாங்கிவிட்டது. இன்டர்பேஸுடன் வந்த முன்-கம்பைலரின் பெயர் ஜி-ப்ரி.

ஜி-ப்ரியிடம் நிரல் எழுதுபவர் முதலில் ஓர் அறிமுகம் செய்து வைக்க வேண்டும். 'செட் டேட்டாபேஸ்' என்று தொடங்கும் அந்த வரி, நம் அடையாள அட்டையின் '@' குறி மாதிரி. இந்தச் செல்லப்பெயர் இந்தத் தரவுத்தளத்தைக் குறிக்கும் என்பது அறிவிப்பு. சுவாரஸ்யம் என்னவென்றால், இங்கே இரண்டு முகவரிகள் கொடுக்கலாம். 'கம்பைல்டைம்' என்று ஒன்று, 'ரன்டைம்' என்று மற்றொன்று. முதலாவது, மொழிபெயர்க்கும்போது பார்த்துக்கொள்வதற்கு. 'ஊழியர்' என்று ஓர் அட்டவணை உண்மையிலேயே இருக்கிறதா, அதில் 'சம்பளம்' என்று ஒரு பத்தி இருக்கிறதா என்று ஜி-ப்ரி அங்கே போய்ச் சரிபார்க்கும். இரண்டாவது, உண்மையான வேலை நடக்கும் இடம். ஒத்திகைக்கு ஒரு கூடம், நிகழ்ச்சிக்கு ஒரு மேடை. ஒரே முகவரியைக் கொடுத்துவிட்டு மற்றதைச் சொல்லாவிட்டால், ஒத்திகையும் அங்கேதான், நிகழ்ச்சியும் அங்கேதான்.

ரன்டைம் முகவரியை நேரடியாக எழுதாமல், 'ஓடும்போது சொல்கிறேன்' என்று ஒரு காலிப் பெட்டியும் வைக்கலாம். நம் இடக்குறி உதாரணம் அதுதான்.

அடுத்து, இந்தச் செல்லப்பெயர் எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்ற கேள்வி. இதற்கு யோங் பெங்கை விடப் பொருத்தமான ஊர் கிடைக்காது. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் நமக்கு யோங் பெங் வடக்கு, யோங் பெங் தெற்கு என்று இரண்டு வழிகள். 'யோங் பெங்கில் வெளியேறு, நான் டோல் கிட்ட நிற்கிறேன்' என்று மட்டும் சொன்னால் கோலாலம்பூரிலிருந்து வருகிற மாமா ஒரு வழியில் வெளியேறுவார், நீங்கள் இன்னொரு வழியில் காத்திருப்பீர்கள். இருவருமே யோங் பெங்கில்தான் இருக்கிறீர்கள். இருவருமே சொன்னதைத்தான் செய்தீர்கள்.

பெரிய மென்பொருளை ஒரே கோப்பில் எழுத மாட்டார்கள். வருகைப் பதிவு ஒரு பகுதி, ஓவர்டைம் ஒரு பகுதி, பிடித்தம் ஒரு பகுதி, சம்பளச் சீட்டு ஒரு பகுதி என்று பிரித்து எழுதி, கடைசியில் இணைப்பார்கள். ஒவ்வொரு பகுதியும் 'கணக்கு' என்ற செல்லப்பெயரைச் சொல்கிறது. எல்லோரும் ஒரே 'கணக்கை'த்தான் சொல்கிறார்களா? ஜி-ப்ரியில் இதற்கு மூன்று சொற்கள் உண்டு. 'குளோபல்' என்றால் இந்த அறிவிப்பு எல்லாப் பகுதிகளுக்கும் பொது. எதுவும் சொல்லாவிட்டால் இதுதான். 'ஸ்டேட்டிக்' என்றால் இந்தப் பகுதிக்கு மட்டும் சொந்தம், வெளியாருக்குத் தெரியாது. 'எக்ஸ்டெர்ன்' என்றால் நான் புதிதாக எதையும் அறிவிக்கவில்லை, வேறு பகுதியில் சொன்னதையே எடுத்துக்கொள்கிறேன் என்று பொருள்.

இதையே நிரலுக்கு வெளியே, கம்பைல் செய்யும் கட்டளையிலும் சொல்லலாம். '-எக்ஸ்' என்ற விருப்பத்தைச் சேர்த்தால், இந்தப் பகுதியின் தரவுத்தளப் பெயரை இன்னொரு பகுதியிலிருந்து எடுத்துக்கொள் என்று அர்த்தம். நிரலில் அறிவிப்பே இல்லையென்றால் '-டி' என்ற விருப்பத்தோடு கோப்பின் பெயரைக் கொடுக்கலாம். உள்ளே ஏற்கெனவே அறிவிப்பு இருந்தால் அதைப் பயன்படுத்தக் கூடாது. ஒரே வீட்டில் இரண்டு பேர் மண்டபம் பதிவு செய்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

'சரி தம்பி, யாரோ அமெரிக்காவில் எழுதியது, எங்களுக்கென்ன?' என்று கேட்பீர்கள். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்த அக்கா, நம் வட்டாரத்தில் ஒரு செம்பனை நிறுவனத்தின் சம்பள மென்பொருளைப் பார்த்துக்கொண்டவர். நிறுவனத்தின் பெயரும் அவர் பெயரும் வேண்டாம். 1990-களில் யாரோ எழுதிவிட்டுப் போன நிரல் அது. கணினி பழசாகிவிட்டது என்று தரவுத்தளத்தைப் புதிய கணினிக்கு மாற்றினார்கள். முகவரி ஓடும்போது சொல்லப்படுவதால் ஓர் இடத்தில் திருத்தினார்கள், எல்லாம் ஓடியது. பழைய கணினியை அணைக்கவில்லை. லோரி எடை போடும் இயந்திரம் இன்னும் அதோடு இணைந்திருந்தது.

மாதக் கடைசி வந்தது. சம்பளச் சீட்டுகள் அச்சாகின. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. கையெழுத்து வாங்கும்போது ஒரு தொழிலாளி மட்டும் நகரவில்லை. அவர் சட்டைப் பையில் ஒரு 555 புத்தகம். தினமும் எத்தனை மணிநேரம் ஓவர்டைம் செய்தார் என்று பென்சிலில் எழுதி வைத்திருந்தார்.

"கணினி சொல்றது தப்பும்மா" என்றார்.

"கணினி எப்படிண்ணே தப்பாச் சொல்லும்?" என்று பக்கத்தில் இருந்த கிராணி கேட்டாராம்.

அக்கா அந்த 555 புத்தகத்தை வாங்கிச் சம்பளச் சீட்டோடு ஒப்பிட்டார். ஓவர்டைம் எண் அந்த மாதத்துடையது அல்ல, அதற்கு முந்தின மாதத்துடையது. இன்னும் சிலரின் சீட்டைப் பார்த்தார். எல்லாருக்கும் அப்படியே. அது காய் அதிகமாக விழுந்த மாதம், ஓவர்டைமும் அதிகம். எல்லாருக்கும் சம்பளத்தில் துண்டு விழுந்திருந்தது.

காரணத்தைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு முழு இரவு ஆனதாம். மற்றப் பகுதிகள் எல்லாம் பொது அறிவிப்பைப் பின்பற்றின. ஓவர்டைம் பகுதியில் மட்டும், எப்போதோ யாரோ சோதனைக்காக 'ஸ்டேட்டிக்' என்று போட்டு, பழைய கணினியின் முகவரியை நேரடியாக எழுதிவிட்டிருந்தார். செல்லப்பெயர் அதேதான். இரண்டு கணினியும் ஒன்றாக இருந்த காலம்வரை வித்தியாசமே தெரியவில்லை. தரவுத்தளம் இடம் மாறியதும், மற்ற எல்லோரும் யோங் பெங் வடக்கில் வெளியேற, இந்தப் பகுதி மட்டும் தெற்கில் போய் நின்றது. அது 'கடைசியாகப் பதிவான மாதம் எது?' என்று கேட்கும். பழைய கணினியில் கடைசியாகப் பதிவானது போன மாதம். கேட்ட கேள்விக்குச் சரியான பதில்தான் வந்தது, இடம்தான் தவறு.

அக்கா 'ஸ்டேட்டிக்'கை எடுத்துவிட்டு 'எக்ஸ்டெர்ன்' போட்டார். எல்லாப் பகுதிகளையும் மறுபடி கம்பைல் செய்தார். துண்டு விழுந்த தொகை அந்த வாரமே கொடுக்கப்பட்டது.

"பழைய கணினியை அணைச்சிருந்தா அன்னைக்கே பிழைன்னு கத்தியிருக்கும் தம்பி. கத்துற தப்பு நல்ல தப்பு. இது சிரிச்சுக்கிட்டே சம்பளத்தைக் குறைச்ச தப்பு" என்றார் அக்கா. நேர்காணல்களில் நான் கேட்ட எத்தனையோ பதில்களை விட அந்த வரி என் மனதில் நின்றுவிட்டது.

இந்த மாதிரி இடர்கள் உலகம் முழுக்க நடந்தவைதான். இன்டர்பேஸ் கோப்புகளின் பெயர் '.ஜிடிபி' என்று முடிவது வழக்கம். விண்டோஸ் எம்இ, எக்ஸ்பி ஆகியவற்றில் 'சிஸ்டம் ரெஸ்டோர்' என்ற வசதி வந்தபோது, அந்த முடிவைப் பார்த்ததும் அதைக் காக்க வேண்டிய கணினிக் கோப்பு என்று நினைத்துப் பிரதி எடுக்கத் தொடங்கியது. பெரிய தரவுத்தளம் என்றால் திறப்பதற்கே நேரம் பிடித்தது. எளிய தீர்வு, கோப்பின் பெயரை மாற்றுவது. '.எஃப்டிபி' என்ற முடிவு பரவியது இப்படித்தான். கோப்பின் பெயரை நிரலுக்குள் அச்சடித்து வைத்திருந்தவர்கள் ஒவ்வொரு நிரலையும் திறந்து திருத்த வேண்டும். மாற்றுப்பெயர் வைத்திருந்தவர்களுக்கு ஒரு வரி வேலை.

2000 ஜூலையில் போர்லண்ட், இன்டர்பேஸின் மூல நிரலை எல்லோரும் பார்க்கத் திறந்துவிட்டது. அதிலிருந்து பிறந்த தரவுத்தளம்தான் ஃபயர்பேர்ட். 2004-இல் வந்த அதன் 1.5 பதிப்பில், மாற்றுப்பெயர்களை மட்டும் எழுதி வைக்கத் தனிக் கோப்பு ஒன்று சேர்ந்தது. எந்தப் பெயர் எந்த இடம் என்பதை நிரலுக்கு வெளியே, ஒரே தாளில் எழுதி வைப்பது. அந்தத் தாளில் இல்லாத எதையும் திறக்கக் கூடாது என்றும் கட்டுப்பாடு போடலாம். உண்மையான கோப்பு எங்கே இருக்கிறது என்பது வெளியாளுக்குத் தெரியவும் தெரியாது. மாற்றுப்பெயர் பாதுகாப்பும் தருகிறது.

மூல நிரலைத் திறந்ததில் இன்னொன்றும் வெளியே வந்தது. உள்ளே படித்துப் பார்த்தவர்கள், ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் நிரலிலேயே எழுதப்பட்டிருப்பதைக் கண்டார்கள். பெயர் 'பொலிட்டிக்கலி', கடவுச்சொல் 'கரெக்ட்'. அது தெரிந்த யாரும் எந்த இன்டர்பேஸ் தரவுத்தளத்துக்குள்ளும் நுழையலாம். 2001 ஜனவரி 10-ஆம் தேதி, அமெரிக்காவின் செர்ட் பாதுகாப்பு மையம் அந்த ஆண்டின் முதல் எச்சரிக்கையாக இதை வெளியிட்டது. கொடுமை என்னவென்றால், நிர்வாகி தன் வழக்கமான கட்டளைகளால் அந்தக் கணக்கை அழிக்கவும் முடியாது, கடவுச்சொல்லை மாற்றவும் முடியாது. கம்பைல் ஆகி உள்ளே உறைந்துவிட்டது. திருத்திய மென்பொருளை மறுபடி போட்டால்தான் தீரும். பத்திரிகையில் அச்சான முகவரி என்று சொன்னேனே, அதன் மிக மோசமான வடிவம் இது.

அப்படியானால் எல்லாவற்றையும் ஓடும்போதே முடிவு செய்துவிடலாமே? அதற்கும் விலை உண்டு. முன்கூட்டியே பார்த்துச் சொல்ல ஆள் இல்லையென்றால், 'சம்பளம்' என்ற பத்தியை 'சம்பலம்' என்று எழுதியிருந்தாலும் அது மாதக் கடைசியில்தான் தெரியும். அதனால்தான் ஜி-ப்ரி இரண்டு முகவரிகளையும் கேட்டது. சரிபார்ப்பது முன்னால், முகவரி கடைசியில். இந்தச் சமநிலைதான் நல்ல பொறியாளரின் கைவண்ணம்.

மனிதர் விஷயத்துக்கு வருகிறேன். நம் அடையாள அட்டையில் 1990-இலிருந்து 12 இலக்க எண் இருக்கிறது. முதல் ஆறும் பிறந்த தேதி, அடுத்த இரண்டும் பிறந்த இடம், ஜொகூர் என்றால் 01. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். 2001-இல் வந்த மைகார்டிலும் அதே எண்தான். கணினியைப் பொறுத்தவரை அந்த எண்தான் நீங்கள். பெயர் ஒரு மாற்றுப்பெயர் மட்டுமே. ஆனால் எண் இல்லாத பழைய காகிதங்கள் நிறைய இருக்கின்றன. வீட்டு மனைப் பத்திரம், பழைய காப்புறுதி, தோட்டத்துப் பள்ளிச் சான்றிதழ். அங்கே பெயர் மட்டும்தான் ஆள்.

என் உறவில் இரண்டு பெரியவர்கள். ஒருவர் அட்டையில் '@' இருந்தது. அவர் காலமான பிறகு பிள்ளைகளுக்குப் பெயரால் ஒரு சிக்கலும் வரவில்லை. இன்னொருவருக்கு அந்தக் குறி இல்லை. பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர், காப்புறுதியில் வீட்டில் கூப்பிட்ட பெயர். இருவரும் ஒருவரே என்று நிரூபிக்க அவருடைய மனைவி சத்தியப் பிரமாணம் செய்து, பழைய படங்களையும் காகிதங்களையும் தூக்கிக்கொண்டு பல மாதம் அலைந்தார். நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவரை 'இவர்தான் அவர்' என்று ஒரு மேசைக்கு முன்னால் நின்று சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அறிவிக்கப்பட்ட மாற்றுப்பெயர் உதவி. அறிவிக்கப்படாத மாற்றுப்பெயர் பொறி. நிரலுக்கும் அதுதான், நமக்கும் அதுதான்.

ஆகவே இந்த வாரம் இரண்டு வேலைகள். பெரியவர்கள் இருக்கும் வீடுகளில், அவர்களுடைய எல்லாப் பத்திரங்களையும் ஒரு மேசையில் பரப்பி, பெயர்கள் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். எழுத்துக்கூட்டலையும், 'ஏ/எல்', 'ஏ/பி' இருக்கிறதா இல்லையா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் அவர்கள் இருக்கும்போதே சரிசெய்ய விசாரியுங்கள். அவரே வந்து 'நான்தான்' என்று சொல்வதைப் போல் வேறு சாட்சி இல்லை.

அலுவலகத்தில் மென்பொருளோடு வேலை செய்யும் இளைஞர்கள், உங்கள் பொறியாளரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். நம் தரவுத்தளத்தின் முகவரி எத்தனை இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது? சோதனை எங்கே நடக்கிறது, உண்மை எங்கே நடக்கிறது? இடம் மாற்றிய பிறகு பழையதை அணைத்துப் பார்த்தீர்களா? மூன்றாவது கேள்விக்குப் பதில் வரத் தாமதமானால், நீங்களும் ஒரு 555 புத்தகம் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பெரிய செலவு இல்லை, சட்டைப் பையில் அடங்கும்.

அடுத்த வாரம் சந்திப்போம்.